ஜேசிபி ஒழுங்கைக்குள் வருமுன்

கேள்வி: சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு 6 பரப்புத் தோட்டக் காணி இருக்கிறது. செம்மண். கதலியும் இதரையுமாக 100 வாழை நிற்கிறது. ஆவணி, புரட்டாதியில் கிணறு இறைக்கப் போதாமல் போகிறது. பின்பக்கம் ஒரு பரப்பில் 50 அடி நீளம், 30 அடி அகலம், 10 அடி ஆழத்தில் குளம் வெட்டி மாரி மழையைத் தேக்கி வைக்க யோசித்திருக்கிறோம். கொஞ்சம் மீனும் விடலாம். ஒப்பந்தகாரரிடம் கொடுக்காமல் மெசினை வாடகைக்கு எடுத்து நாங்களே செய்ய விருப்பம். என் மச்சான் வெளிநாட்டில் சிறிய எக்ஸ்கவேற்றர் ஓட்டிப் பழகியவர். ஜேசிபி எடுப்பதா, 3 தொன் மினி எடுப்பதா? ஒரு நாளில் முடியுமா? சும்மா மண் குளமாகவே விட்டால் தண்ணீர் நிற்குமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுப்போம். மற்றக் கணக்கெல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது. மண் குளமாக விட்டால் தண்ணீர் நிற்காது. வலிகாமத்துச் செம்மண் ஈரமாக இருக்கும்போது கையில் களி போல ஒட்டும், ஆனால் களி அல்ல. தண்ணீரைக் கீழே விட்டுவிடும். அதற்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் அந்த வழியால் இறங்குவதால்தான் கிணறுகள் ஊறுகின்றன. கிணற்றுக்கு வாய்ப்பான அதே குணம் குளத்துக்கு வினை.

ஊர்க் குளத்தில் மட்டும் எப்படித் தண்ணீர் நிற்கிறது என்று கேட்பீர்கள். அந்தக் குளங்களின் அடியில் தலைமுறை தலைமுறையாகப் படிந்த வண்டலும் களியும் சாந்து பூசியது போல இருக்கிறது. தூர் வாருகிறோம் என்று அந்தப் படையையும் சேர்த்துக் கல் தெரியும்வரை சுரண்டினால் அந்தக் குளமும் நில்லாது. நீங்கள் புதிதாக வெட்டும் குழிக்கு அந்தப் பூச்சு கிடையாது. சந்தேகமிருந்தால், குளம் வரப்போகும் இடத்தில் மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, அதன் அடியில் ஓரடிக்கு ஓரடியாக இன்னொரு சின்னக் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் திரும்ப நிரப்பி, ஒரு தடியில் மட்டத்தை அடையாளம் வைத்து, ஒரு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். அங்குலக் கணக்கில் இறங்கியிருந்தால் மேலே பேச ஒன்றும் இல்லை.

அப்படியானால் உங்களுக்கு இரண்டு வழிதான். ஒன்று, தண்ணீர் இறங்கட்டும் என்றே விட்டு, கிணற்றை ஊற வைக்கும் குழியாக வைத்துக்கொள்வது. இதற்கு 10 அடி தேவையில்லை. 3 அடி போதும். பசளையும் மருந்தும் கழுவி வரும் தோட்டத் தண்ணீரை அதற்குள் விடக்கூடாது, கூரைத் தண்ணீரை விடலாம். இரண்டாவது, கனமான பிளாஸ்ரிக் ஷீற் விரித்துத் தேக்குவது. நீங்கள் கேட்பது இரண்டாவதைத்தான். அதற்குமுன் ஒரு கசப்பான கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

இங்குள்ள வெயிலுக்கும் காற்றுக்கும் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகும் என்று வைத்தாலும், மாதத்துக்கு அரை அடி. மார்கழி முடிவில் 5 அடி தண்ணீர் நின்ற குளத்தில், நீங்கள் ஒரு வாளி கூட அள்ளாமல் விட்டாலும் ஆவணி பிறக்கும்போது ஒன்றரை அடிதான் இருக்கும். இடையில் சித்திரையில் ஒரு மழை பெய்தால் கொஞ்சம் கூட இருக்கலாம், அவ்வளவுதான். ஆவணிக்கென்று தேக்கி வைக்கிற தண்ணீர் ஆவணிக்கு இராது. ஆகவே இந்தக் குளத்துத் தண்ணீரை மாசி, பங்குனி, சித்திரையில் முதலில் எடுத்து இறைத்து முடியுங்கள். அதுவரை கிணற்றுக்கு ஓய்வு கொடுங்கள். ஆவணியில் குளத்துக்கு வேறு வேலை இருக்கிறது. கிணறு ஊறுகிற வேகத்துக்கு ஏற்ப இரவில் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து அதற்குள் விட்டு, காலையில் ஒரேயடியாகப் பாய்ச்சலாம். இந்த இரண்டு பயனும் போதும் என்று பட்டால் மேலே வாசியுங்கள். போதாது என்றால் அதே காசை வாழைக்குச் சொட்டு நீர்க் குழாய் போடுவதில் செலவழிப்பதே புத்தி.

இனி 10 அடி ஆழம். அது கடதாசியில் வரும், காணியில் வராது. செம்மண்ணில் ஷீற் விரிக்கிற குளத்துக்குக் கரைச்சரிவு ஓரடி ஆழத்துக்கு ஒன்றரை அடி வெளியே போக வேண்டும். அதைவிடச் செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே கரை சரியும். ஷீற் அந்தரத்தில் இழுபட்டுக் கிழியும். 10 அடிக்கு இரு பக்கமும் 15 அடி 15 அடி சரிவு. உங்கள் அகலமே 30 அடி. அடியில் மிஞ்சுவது பூச்சியம், வெறும் தகரப் பீலி போல ஒரு குழி. 6 அடி ஆழம் எடுங்கள். சரிவு இரு பக்கமும் 9 அடி. அடித்தளம் 32 அடிக்கு 12 அடி வரும். வெட்ட வேண்டிய மண் ஏறத்தாழ 5,300 கன அடி, அதாவது 53 கியூப். மேலே ஓரடி வெறுமையாக விட்டு 5 அடிக்குத் தண்ணீர் நிறைந்தால் 1,10,000 லீற்றர் அளவில் இருக்கும். வாழை ஒன்றுக்கு நாளுக்கு 20 லீற்றர் என்றால் 100 வாழைக்கு 2,000 லீற்றர். ஆவியாவதையும் சேர்த்தால் ஒன்றரை மாதத்துக்கு வரும்.

நிரம்புமா என்ற கவலை வேண்டாம். யாழ்ப்பாணத்துக்கு வருடத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர், அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். 1,500 சதுர அடி வாய்க்குள் நேரே விழும் மழையே அதைக் கிட்டத்தட்ட நிரப்பும். மிச்சத்தை வீட்டுக் கூரைப் பீலியிலிருந்து ஒரு பைப்பில் கொண்டு வரலாம். தோட்டத்தில் ஓடுகிற தண்ணீரை உள்ளே விட வேண்டாம். அது கொண்டுவரும் செம்மண் சேற்றை ஷீற்றுக்கு மேலிருந்து வாருவது லேசான வேலையல்ல.

மெசினுக்குச் சொல்லுமுன் ஒரு சனி, ஞாயிறு இரண்டு பேர் அலவாங்கும் மண்வெட்டியுமாகக் காணிக்குள் இறங்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து சோதனைக் குழி, ஒவ்வொன்றும் 7 அடி. 7 அடி ஏன் என்றால் குளம் 6 அடி, அதற்குக் கீழே ஓரடியாவது மண் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அலவாங்கு மண்ணில் இறங்கும்போது மந்தமான சத்தம், கல்லில் பட்டால் 'ணங்' என்று கைக்கு அதிரும். எத்தனையாம் அடியில் அது நடந்தது என்று குழிக்குழியாக எழுதி வையுங்கள். வலிகாமத்தில் கல் மட்டமாகப் படுத்திருப்பதில்லை. ஒரு மூலையில் 8 அடி மண் இருக்க, பத்துப் பாகம் (இரு கையும் விரித்த நீளம் ஒரு பாகம்) தள்ளி 2 அடியில் கல் எழும்பி நிற்கும். ஐந்து குழியிலும் 7 அடி மண் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒன்றிரண்டில் 4 அடியில் கல் தட்டினால் குளத்தைப் பத்து அடி அப்பால் நகர்த்திப் பாருங்கள், அல்லது ஆழத்தை 4 அடியாக்கி நீளத்தைக் கூட்டுங்கள். பிரேக்கர் பூட்டிக் கல் உடைப்பது கடைசி வழி. உடைக்கும் மணித்தியாலத்துக்கு வாடகை கூட, போகிற ஆழமோ குறைவு, மிஞ்சுவது ஷீற்றைக் குத்துகிற கூர்க் கல்.

இன்னொன்று, கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள். மாரியில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கட்டில் ஒரு கறை இருக்கும். தரையிலிருந்து அந்தக் கறைக்கு எத்தனை அடி என்று அளவுநாடாவை இறக்கிப் பார்த்துக் குறியுங்கள். குளத்தின் அடி அந்த மட்டத்துக்கு இரண்டு அடியாவது மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் கீழிருந்து ஏறி, ஷீற்றை முதுகு போலத் தூக்கிவிடும். ஒருமுறை அப்படி எழும்பினால் ஷீற் திரும்ப ஒழுங்காகப் படியாது, மடிப்பிலேயே வெடிக்கும்.

மெசின் வேலை செய்துகொண்டிருக்கும்போது யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒப்பரேற்றரே, "இன்னும் ரெண்டடி இறக்கினா ஊத்து வந்திடும், ஷீற்றுக் காசும் மிச்சம்" என்பார். கேட்க ஆசையாக இருக்கும். கேளாதீர்கள். நம் நிலத்தடி நீர் கடல் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிற ஒரு நன்னீர்ப் படை; கடல் மட்டத்துக்கு மேலே அது ஓரடி உயர்ந்திருந்தால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீரும் இருப்பது எல்லாரும் அறிந்தது. ஊற்றைத் திறந்து வெயிலுக்குக் காட்டினால் உங்கள் காணித் தண்ணீர் மட்டுமல்ல, அயலவர் கிணற்றுத் தண்ணீரும் அந்த வாய்க்கூடாக ஆவியாகும். மீன் கழிவும் பசளையும் வடிகட்டாமல் நேரே எல்லாரும் குடிக்கிற தண்ணீரில் போய்ச் சேரும்.

இடம் குறிக்கும்போது கவனிக்க: மதிலிலிருந்தும் வேலியிலிருந்தும் 10 அடி, கிணற்றிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் 50 அடி. பழைய காணி என்றால் மூடிய கிணறு, தூர்ந்த குழி எங்கேயும் இருக்கிறதா என்று வயதானவர்களிடம் கேளுங்கள். ஏழரைத் தொன் மெசின் அதற்கு மேல் ஏறினால் நிலத்தோடு இறங்கும். பின்பக்கத்துக்கு மேலால் மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். கையை முழுதாகத் தூக்கினால் ஜேசிபி ஒரு மாடி வீட்டுக் கூரையை விட உயரும். கம்பிக்கு 10 அடிக்குக் கிட்ட எந்தப் பகுதியும் போகக்கூடாது. அது முடியாது என்றால் மின்சார சபையில் சொல்லி அந்த நேரத்துக்கு லைனை நிறுத்திக்கொள்ளுங்கள்.

வலிகாமம் வடக்கு போல முன்பு பாதுகாப்பு வலயமாக இருந்த இடம், அல்லது தென்மராட்சியில் முன்னரங்கு ஓடிய பக்கம் என்றால் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் வெடிபொருள் அகற்றியது உறுதிதானா என்று கேட்டுக்கொண்டே மண்ணில் கை வைக்க வேண்டும். பக்கற்றில் துருப்பிடித்த உருளை, தகடு, வயர்ச் சுருள் எது தெரிந்தாலும் மெசினை நிறுத்தி, பொருளைத் தொடாமல், ஆட்களை விலக்கி, 119க்கு அழையுங்கள்.

இப்போது மெசின். 53 கியூப் என்பது மண் நிலத்தில் கிடக்கிற கணக்கு. வெட்டியதும் பொருமி நாலில் ஒரு பங்கு கூடும். 66 கியூப் என்று வையுங்கள். 3 தொன் மினியின் பக்கற் மூன்று கன அடிக்கும் குறைவு. நின்று, நகர்ந்து, கொட்டி வேலை செய்தால் மணித்தியாலத்துக்கு இரண்டு, இரண்டரைக் கியூப். ஆகவே 30 மணித்தியாலம், நாலு நாள். அதன் வாடகை குறைவுதான், ஆனால் மணித்தியாலத்தால் பெருக்கிப் பாருங்கள். ஜேசிபியின் பின் பக்கற் ஏறத்தாழ 9 கன அடி. நடைமுறையில் மணித்தியாலத்துக்கு ஐந்து, ஐந்தரைக் கியூப் வெட்டும். வெட்ட 12 மணித்தியாலம், கரை சீவ, மண் பரப்ப இன்னும் மூன்று. இரண்டு நாள். ஒரு நாளில் முடியாது, யார் சொன்னாலும். நீங்கள் நினைத்த 10 அடிக் குளத்தை இன்னும் செங்குத்தாக, ஓரடிக்கு ஓரடி சரிவில் வெட்டினாலும் 83 கியூப், மூன்று நாள்.

செம்மண்ணுக்கு நான் ஜேசிபியையே சொல்வேன். அது றோட்டால் தானே ஓடி வரும், லோபெட் லொறிக்குத் தனிக் காசு இல்லை. முன்னுக்கு இருக்கிற பெரிய பக்கற் மண்ணைத் தள்ள, பரப்ப, அணை கட்ட உதவும். எக்ஸ்கவேற்றருக்கு அது இல்லை. ஆனால் உங்கள் ஒழுங்கையையும் படலையையும் அளந்து பாருங்கள். ஜேசிபி ஏழரை, எட்டடி அகலம். 9 அடி வெளியாவது வேண்டும், ஒழுங்கை முடக்கில் அதைவிடக் கூட. கதியால் வேலி என்றால் இரண்டு பாகத்தைப் பிரித்துப் பிறகு நடலாம். மதில் என்றால் 5 அடிக்குச் சற்றுக் கூட அகலமான மினிதான் வழி, நாலு நாளையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வடமராட்சி கிழக்கு மணலிலோ ஈரத் தரையிலோ வெட்டுகிற வாசகர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அங்கே ரயர் புதையும், சங்கிலிச் சக்கர மெசின்தான் வேண்டும். சரிவும் ஓரடிக்கு இரண்டடி எடுக்க வேண்டும்.

மச்சான் ஓட்டுவது பற்றி. வெளிநாட்டுப் பழக்கம் இங்கே சட்டத்துக்குப் போதாது. இந்த வகை வாகனத்துக்குரிய இலங்கை அனுமதிப்பத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் விபத்தில் காப்புறுதி கைவிடும். அதைவிட உடனடியான சிக்கல் கைப்பிடியில் இருக்கிறது. மெசினுக்கு மெசின் பிடிகளின் ஒழுங்கு வேறு. ஒன்றில் வலது பிடியை இழுத்தால் பெரிய கை உயரும், இன்னொன்றில் அதே வேலை இடது பிடிக்கு. ஆறுதலாக வெட்டும்போது தெரியாது. கரையோரம் மெசின் சரியப் பார்க்கிற நொடியில் கை பழைய பழக்கத்துக்கு ஓடும். இங்கே ஒப்பரேற்றரோடு சேர்த்தே வாடகைக்கு விடுவது வழக்கம், அதுவே நல்லது. உங்கள் சொந்த உழைப்பை மெசினுக்கு வெளியே போடுங்கள். கோடு போடுவது, ஆழம் பார்ப்பது, கரை சீவுவது, கல் பொறுக்குவது, ஷீற் விரிப்பது எல்லாம் கை வேலை. காசு மிஞ்சுவதும் அங்கேதான். மச்சானை ஆழத்தடியோடு நிறுத்துங்கள். மெசின் மொழி தெரிந்தவர் என்பதால் ஒப்பரேற்றருக்குக் கைச்சைகை காட்ட அவரைவிட ஆள் இல்லை.

வாடகை பேசும்போது மணித்தியால விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். டீசல் யாருடையது? வெட்டு வேலையில் ஜேசிபி மணித்தியாலத்துக்கு ஐந்தாறு லீற்றர் குடிக்கும், அதனால் டீசலோடு ஒரு விலை, டீசல் இல்லாமல் ஒரு விலை என்று இரண்டையும் கேளுங்கள். நேரம் எங்கிருந்து தொடங்குகிறது, அவர்கள் வளவிலிருந்தா உங்கள் படலையிலிருந்தா? குறைந்தது எத்தனை மணித்தியாலத்துக்குக் காசு? ஹோஸ் வெடித்தால், ரயர் காற்றுப் போனால் நேரம் நிற்குமா? படலைக்கு முன்னால் இருக்கிற மதகு நெரிந்தால், தண்ணீர்ப் பைப் அறுந்தால் யார் பொறுப்பு? பற்கள் இல்லாத அகலப் பக்கற் ஒன்று கொண்டுவர முடியுமா? கரை சீவ அது இருந்தால் உங்கள் மண்வெட்டி வேலை பாதியாகும். பேசியதை ஒரு துண்டில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்.

மெசினில் மணித்தியால மீற்றர் இருக்கும். தொடங்குமுன்னும் முடிந்ததும் போனில் படம் எடுங்கள். கடைசி எண் பத்தில் ஒன்று, அதாவது 6 நிமிடம், 4.5 என்றால் நாலரை மணித்தியாலம், நாலு மணி ஐந்து நிமிடம் அல்ல. இந்தப் பிழையால் கணக்குத் தீர்க்கும்போது சண்டை வருவதுண்டு. என்ஜின் சும்மா உறுமிக்கொண்டு நின்றாலும் மீற்றர் ஓடும். தேத்தண்ணி குடிக்கும்போது நிறுத்தச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். "இந்த மூலையா, அந்த மூலையா?" என்று வீட்டுக்காரர் யோசிக்கிற நேரத்துக்கும் அதே விலைதான்.

ஆகவே மெசின் வருமுன்னரே கோடு விழுந்திருக்க வேண்டும். நான்கு மூலையிலும் முளை அடித்து, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள்; 50க்கு 30 என்றால் இரண்டும் 58 அடி 4 அங்குலம் வர வேண்டும். உள்ளே 32க்கு 12 அடி அடித்தளத்துக்கும் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு. பிறகு மட்டம். தெளிவான ரியூப்பில் தண்ணீர் நிரப்பி, நான்கு முளையிலும் ஒரே மட்டத்தைக் குறித்து, அதில் கயிறு கட்டுங்கள். குளத்தின் வாய் ஒரு பக்கம் 3 அங்குலம் தாழ்ந்திருந்தால் முழுக் குளத்திலும் 3 அங்குலத் தண்ணீரை இழக்கிறீர்கள். அது ஏறத்தாழ 10,000 லீற்றர், ஐந்து நாள் இறைப்பு.

வெட்டும் ஒழுங்கு இது. முதலில் முன் பக்கற்றால் மேல் மண் ஓரடியைச் சீவி ஒரு மூலையில் குவியுங்கள். 15 கியூப் வரும். அது தோட்டத்து உயிர் மண், கீழ் மண்ணோடு கலந்தால் இரண்டும் கெடும். பிறகு 30 அடி அகலத்தை நீளவாக்கில் இரண்டு பாதையாகப் பாருங்கள், ஒவ்வொன்றும் 15 அடி. ஜேசிபி தூரப் பக்கத்தில் தொடங்கி, வெட்டிக்கொண்டே தான் நிற்கிற நிலத்தைப் பின்னால் விட்டு விட்டுப் படலைப் பக்கமாக வரும். இடப் பாதையின் மண் இடக் கரைக்கு வெளியே, வலப் பாதையின் மண் வலக் கரைக்கு வெளியே. அணை கட்ட வேண்டிய இடத்திலேயே மண் விழும். இரண்டாம் முறை அள்ள வேண்டியதில்லை. மெசின் குழிக்குள் இறங்கவும் தேவையில்லை. நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெட்ட விட்டால் மெசின் உள்ளே மாட்டும், ஏறி வர ஒரு சாய்வு வெட்டி அதையும் பிறகு நிரப்ப வேண்டி வரும். நிரப்பின மண் ஒருகாலும் வெட்டாத மண் போல இறுகாது. கரையைச் சீவும்போது மெசினின் கால் குளத்து விளிம்புக்கு 3 அடிக்குக் கிட்ட ஊன்றக் கூடாது. பக்கற் சுழலும் வட்டத்துக்குள்ளும் குழிக்குள்ளும் ஆள் நிற்கக் கூடாது. பார்க்க வருகிற பிள்ளைகளை ஒருவர் பொறுப்பாகப் பார்க்க வேண்டும். அயல் முழுக்க வரும்.

ஆழத்துக்கு, எதிர் முளைகளுக்குக் குறுக்கே கயிறு பிடித்து, 6 அடி குறித்த தடியைக் கீழே ஊன்றிப் பாருங்கள், மெசின் நகர்கிற ஒவ்வொரு முறையும். அடியில் கடைசி 3 அங்குலத்தை மெசினுக்குக் கொடுக்க வேண்டாம். பக்கற் பல் அடியைக் கிளறிப் பொசுபொசுவென்று ஆக்கிவிடும். அந்த அளவை மண்வெட்டியால் சீவி, தண்ணீர் தெளித்து, மொங்கான் போட்டு இறுக்குங்கள். சரிவுக்குப் பலகையில் ஒரு முக்கோணம் செய்துகொள்ளுங்கள்: நிமிர்ந்த பக்கம் 2 அடி, படுத்த பக்கம் 3 அடி. படுத்த பக்கத்தை மேலே பிடித்து, அதில் ரசமட்டம் வைத்து, சாய்ந்த பக்கத்தைக் கரையோடு பொருத்திப் பார்த்தால் எங்கே வயிறு, எங்கே பள்ளம் என்று தெரியும்.

பொந்து தட்டினால் மண்ணைப் போட்டு மூட வேண்டாம். மழைக்கு அந்த மண் கீழே இறங்கி, ஷீற் தொட்டில் போலத் தொங்கிக் கிழியும். பெரிய கல், அதற்கு மேல் சிறு கல், பிறகு மக்கி, மேலே சீமெந்துச் சாந்து என்று அடைக்க வேண்டும். ஹைட்ரோலிக் ஒயில் சிந்தினால் சிந்திய மண்ணை உடனே வாளியில் வாரி வெளியே போடுங்கள்.

மண் எங்கே போகும்? விளிம்பிலிருந்து 3 அடி விட்டு, ஒன்றரை அடி உயரத்தில் சுற்றி அணை கட்டினால் 11 கியூப் போகும். தோட்டத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பதும் அதுதான். ஆனால் அணையோடு சேர்த்து நீங்கள் நினைத்த ஒரு பரப்பு ஒன்றேகால் பரப்பாகும். வாழை ஒரு வரிசை போகலாம். அதற்குப் பிறகும் 30 கியூபுக்கு மேல் மிஞ்சும். வீட்டு முற்றத்தை உயர்த்த, காணிக்குள் பாதை போட வையுங்கள். காணிக்கு வெளியே டிப்பரில் ஏற்றுவது வேறு கதை. மண்ணோ கல்லோ கொண்டுபோகப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் பொலிஸ் வழியில் மறித்து வாகனத்தோடு கொண்டுபோகும். வயல் காணி என்றால் வெட்டுவதற்கே கமநல சேவை நிலையத்தில் முதலில் கேட்க வேண்டும். உங்களுடையது தோட்டக் காணி, எதற்கும் பிரதேச சபையில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நேரம், ஆவணி கடைசி. புரட்டாதி பிறந்தால் காலபோக உழவுக்கு உழவு இயந்திரங்கள் வயலில் நிற்கும், மண் ஏற்ற ஒரு பெட்டி கிடையாது. ஐப்பசி மழை தொடங்கினால் செம்மண் ரயரில் அப்பி, ஜேசிபி நின்ற இடத்திலேயே சுற்றும்.

ஷீற் அளவை இப்படி எடுங்கள். 6 அடி ஆழம், 9 அடி சரிவு என்றால் கரையின் சாய்நீளம் 10 அடி 10 அங்குலம். அடி 32, இரு கரை, இரு பக்கமும் புதைக்க 3 அடி 3 அடி: நீளம் 60 அடி. அதேபோல அகலம் 40 அடி. ஒரே துண்டாக, தொழிற்சாலையில் ஒட்டியதாகக் கேளுங்கள். தடிப்பு 500 மைக்ரோனுக்குக் குறைய வேண்டாம். கல் தட்டின காணி என்றால் 750. நாற்று மேடைக்குப் போடுகிற கறுப்புப் பொலித்தீன் ஒரு வெயிலுக்கு மேல் தாங்காது. கீழே அடித்தளத்துக்கு 2 அங்குலம் அரித்த மணல். சரிவில் மணல் நில்லாது. அங்கே அரித்த செம்மண்ணை ஈரமாகப் பூசி, மேலே பழைய சாக்குகளை விரியுங்கள். வேர் முனைகளைக் கத்தியால் அல்ல, கத்தரியால் மண்ணுக்கு உள்ளே வெட்டுங்கள். கத்தி வெட்டு ஊசி போல நிற்கும்.

சோளகக் காற்றில் 60க்கு 40 அடி ஷீற்றைப் பிடிக்க எட்டுப் பேராலும் முடியாது. விடியற்காலை, காற்று எழும்புமுன் விரித்து, ஓரத்தில் மண் நிரப்பிய சாக்குகளை வையுங்கள். செருப்போடு ஏற வேண்டாம். விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி, ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வெட்டிய வாய்க்காலுக்குள் ஓரத்தை மடித்து விடுங்கள், ஆனால் உடனே மூடாதீர்கள். தண்ணீர் ஏற ஏற ஷீற் கீழே படியும், ஓரம் உள்ளே இழுபடும். இப்போதே இறுக்கி மூடினால் அடிமூலையில் விறைத்துக் கிழியும். இரண்டடி தண்ணீர் நின்ற பிறகு மூடுங்கள். நிரம்பி வழிய ஒரு மூலையில், விளிம்புக்கு ஓரடி கீழே பைப் பூட்டாமல், அந்த வாய்க்காலுக்கு மேலால் அணையைக் கடந்து போகிற மாதிரி ஒரு சீமெந்துப் பீலி வையுங்கள். ஷீற்றில் ஓட்டை போட்டுப் பைப் பூட்டுவது ஒழுக்குக்குக் கடிதம் போட்டு அழைப்பது.

மீன் பற்றிச் சுருக்கமாக. திலாப்பியாக் குஞ்சு நெக்டா (அரசின் நீருயிரின வளர்ப்பு அதிகார சபை) மூலம் எடுக்கலாம். தண்ணீர் 3 அடிக்குக் கீழே இறங்குமுன் பிடித்துவிடுங்கள். மீன் இருந்தால் நுளம்புக் குடம்பியும் நிற்காது. மார்கழி, தை டெங்குக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்டாலும் பதில் இருக்கும்.

நனைந்த ஷீற்றில் ஏறி வர முடியாது. பிள்ளை விழுந்தாலும் நாய் விழுந்தாலும் பெரியவர் விழுந்தாலும் ஒன்றுதான், கைக்குப் பிடி கிடையாது. நான்கு கரையிலும் அரை அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட தடித்த கயிற்றை அணைக்கு வெளியே முளையில் கட்டி, அடிவரை தொங்க விடுங்கள். ஒரு கரையில் பழைய ரயர்களைக் கோர்த்து ஏணி போலக் கிடத்துங்கள். சுற்றி வேலி அடைத்துப் படலைக்குப் பூட்டுப் போட்ட பிறகுதான் கூரைப் பீலியைக் குளத்துக்குத் திருப்ப வேண்டும்.